அந்தக் கழித்தல் குறிக்குள் என்ன இருக்கிறது?

விழித்திரையைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே படம்தான் இருக்கிறது. ஒளியை உணரும் கூம்பு செல்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் அடியில் கிடைமட்ட செல் ஒன்று கிளைகளைப் பரப்பிக்கொண்டு படுத்திருக்கும். கூம்பிலிருந்து கிடைமட்ட செல்லுக்கு ஒரு அம்பு, அதன் பக்கத்தில் கூட்டல் குறி, கூடவே செய்தி கடத்தும் வேதிப்பொருளின் பெயர், ‘குளூட்டமேட்’. கிடைமட்ட செல்லிலிருந்து திரும்பக் கூம்புக்கு இன்னொரு அம்பு, பக்கத்தில் வெறும் கழித்தல் குறி. அந்த இரண்டாவது அம்புக்கு மட்டும் பெயர் எதுவும் போட்டிருக்காது. வெகுநாள் இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஒருமுறை கண்ணில் பட்டபிறகு அந்தப் பெயரில்லாத அம்பு விடாமல் உறுத்த ஆரம்பித்துவிட்டது. ஏனென்றால் இது ஓரத்தில் கிடக்கும் ஏதோ சின்ன இணைப்பு இல்லை. கண் ஒரு பொருளின் விளிம்பைப் பிரித்துப் பார்ப்பதற்கு முதல் படியே இதுதான். பார்வை நரம்பியலில் இத்தனை பரிசுகள், இத்தனை ஆயிரம் கட்டுரைகள், ஆனால் முதல் சினாப்ஸில், அதாவது இரண்டு செல்கள் பேசிக்கொள்ளும் முதல் சந்தியில், திரும்பி வரும் செய்தி எதில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால் ஒரு கழித்தல் குறி!

பக்கவாட்டுத் தடுப்பு, அதாவது ஒரு செல் தன் பக்கத்துச் செல்களை அடக்குவது என்ற கருத்து பழசு. லாட நண்டின் கண்ணில் ஹார்ட்லைன் அதை அளந்து காட்டினார், 1967இல் நோபல் பரிசும் வாங்கினார். 1953இல் குஃப்லர் பூனையிலும் பார்லோ தவளையிலும், விழித்திரையிலிருந்து வெளியேறும் செல்களுக்கு நடுவும் சுற்றுப்புறமும் எதிரெதிராக வேலை செய்வதைக் கண்டார்கள். நடுவில் வெளிச்சம் பட்டால் துள்ளும் செல், சுற்றிலும் பட்டால் அடங்கும். இந்த எதிர்ப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு 1971இல் பெய்லர், ஃபுவோர்ட்டஸ், ஓப்ரையன் மூவரும் ஆமையின் விழித்திரையில் ஒரு பதிலைக் கண்டுபிடித்தார்கள்: கூம்பிலேயே தொடங்கிவிடுகிறது, கிடைமட்ட செல் கூம்புக்குத் திருப்பிப் பேசுகிறது. சரி, பேசுகிறது. எந்த மொழியில்? அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் அந்தக் கேள்வியில் ஆராய்ச்சியாளர்கள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள்.

இதில் ஒரு திருகல் இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி வருவது எல்லாம் தலைகீழாகத் தோன்றும். விழித்திரையில் இருட்டுதான் ஆரவாரமான நேரம். இருட்டில் கூம்பின் மின்னழுத்தம் மைனஸ் 40 மில்லிவோல்ட் பக்கத்தில் நிற்கும், கால்சியத்தை உள்ளே விடும் வாயில்கள் திறந்திருக்கும், அதனால் குளூட்டமேட் இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால் கூம்பு இன்னும் எதிர்மறையாகும், வாயில்கள் மூடும், குளூட்டமேட் குறையும். கிடைமட்ட செல்லும் அந்தக் குளூட்டமேட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதால் இருட்டில் விழித்திருந்து வெளிச்சத்தில் அடங்கும். ஆகவே அதன் தடுப்பு இருட்டில்தான் பலமாக இருக்கிறது. சுற்றிலும் வெளிச்சம் பரவினால் தடுப்பு தளர்ந்து, நடுவில் இருக்கும் கூம்பு கொஞ்சம் கூடுதலாகக் குளூட்டமேட்டை விடுகிறது. வெளிச்சம் செய்யும் வேலைக்கு இது எதிர்வேலை.

முதலில் எல்லோரும் நினைத்தது காபா என்ற வேதிப்பொருளை. மூளையில் தடுப்பு என்றாலே காபாதான், கிடைமட்ட செல்களுக்குள்ளும் பல விலங்குகளில் அது இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஆனால் காபா ஏற்பிகளை மருந்து போட்டு அடைத்தாலும் கூம்புக்கு வரும் தடுப்பு பெரும்பாலும் அப்படியே நின்றது. இன்னொரு கட்சி, வேதிப்பொருளே வேண்டாம், இரு செல்களுக்கும் நடுவில் உள்ள குறுகலான இடைவெளியில் மின்னோட்டம் பாய்ந்தாலே அங்கே உள்ளூர் மின்னழுத்தம் மாறும், கூம்பின் வாயில்கள் அதை உணரும் என்றது. ரஷ்யாவில் பைசோவ் தொடங்கிய இந்த யோசனையை 2001இல் நெதர்லாந்தில் கமர்மன்ஸ் குழு, கிடைமட்ட செல்லின் கிளை நுனிகளில் இருக்கும் அரைச்சந்தி வாயில்களை (இரு செல்களை இணைக்கும் வாயிலின் ஒரு பாதி) காட்டி மீண்டும் எழுப்பியது. மூன்றாவது கட்சிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. செய்தி அமிலத்தில் இருக்கிறது, அதாவது அந்த இடுக்கில் புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அயனிகள்) கூடுவதிலும் குறைவதிலும் இருக்கிறது என்றது அது.

கரைசலை மாற்றியதும் காணாமல் போனது

இந்தக் கட்சிக்குச் சான்று கிடைத்த விதம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. 1996இல் தங்கமீனில் செய்த ஆய்வில் ஒரு துப்பு கிடைத்திருந்தது. கிடைமட்ட செல்லின் தடுப்பு, கூம்பின் கால்சியம் மின்னோட்டத்தை மொத்தமாக அடைக்கவில்லை, அது எந்த மின்னழுத்தத்தில் தொடங்குகிறது என்பதை நகர்த்துகிறது. வாயில் திறக்கக் கூம்பு இன்னும் கொஞ்சம் நேர்மறையாக வேண்டும், அவ்வளவுதான். இதே நகர்வைப் பார்ன்ஸும் அவருடைய கூட்டாளிகளும் சில ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வழியில் பார்த்திருந்தார்கள், கரைசலைக் கொஞ்சம் அமிலமாக்கி. கால்சியம் வாயிலின் வெளிமுகத்திலும் அதைச் சுற்றியுள்ள சவ்விலும் எதிர்மின் சுமைகள் இருக்கின்றன. புரோட்டான்கள் அங்கே ஒட்டிக்கொண்டால் சுமை சமனாகிறது, வாயிலின் மின்னழுத்த உணரி காணும் புலம் மாறுகிறது, வாயில் திறக்க மறுக்கிறது. கூம்பு வேலை செய்யும் மின்னழுத்த எல்லையோ இந்த வளைகோட்டின் மிகச் செங்குத்தான இடத்தில் இருக்கிறது. சில மில்லிவோல்ட் நகர்ந்தாலே குளூட்டமேட் வரத்து நன்றாக மாறிவிடும்.

அமிலம் செய்வதும் கிடைமட்ட செல் செய்வதும் ஒன்றுபோல இருக்கின்றன என்பது மட்டும் சான்று ஆகாது. 2003இல் ஹிராசாவாவும் கனேகோவும் நியூட் என்ற நீர்ப்பல்லியின் விழித்திரைத் துண்டுகளில் அதைச் சோதித்தார்கள். சோதனை சொன்னால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையானது: அமில அளவை மாறவிடாமல் பிடித்து வைக்கும் பொருளுக்குத் தாங்கல் பொருள் என்று பெயர், அப்படி ஒன்றான ஹெப்பெஸைக் கரைசலில் சேர்த்தார்கள். தடுப்பு மறைந்துவிட்டது.

நான் நின்றுபோன இடம் இது. ஹெப்பெஸ் ஒன்றும் மருந்தல்ல. எந்த ஏற்பியையும் குறிவைத்து அதை யாரும் செய்யவில்லை. 1966இல் நார்மன் குட் குழு வெளியிட்ட தாங்கல் பொருள்களின் வரிசையில் அதுவும் ஒன்று, உயிரியல் ஆய்வகங்களில் அது இல்லாத அலமாரி இருக்காது. செல்லுக்குத் தீங்கு செய்யாமல், பிஎச்சை (அமில அளவைக் காட்டும் எண், அது குறைந்தால் அமிலம் கூடுகிறது) 7.5 பக்கத்தில் உறுதியாகப் பிடித்து வைக்கும் என்பதுதான் அதன் பெருமை. உடலின் சொந்தத் தாங்கலான பைகார்பனேட் அந்த விஷயத்தில் கொஞ்சம் சோம்பேறி. அதன் பிடி வலுவாக இருப்பது பிஎச் 6.1 பக்கம். அதோடு அது வேலை செய்யக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும், நொதியின் உதவி இல்லாவிட்டால் மெதுவாகத்தான் நகரும். கரைசலுக்குள் வாயுக் குழாயைச் சொருகிக் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும் தொல்லை வேறு. அதனால் பிரித்தெடுத்த செல்களோடு வேலை செய்பவர்கள் பலரும் ஹெப்பெஸ் கரைசலைத்தான் விரும்புவார்கள். பிஎச் ஆடக்கூடாது, ஆடினால் முடிவுகள் குழம்பும் என்பது நல்ல ஆய்வக ஒழுக்கம். இங்கே அந்த ஒழுக்கமே, மழை அளக்க வைத்த பாத்திரத்துக்கு மேலே குடை பிடித்ததுபோல் ஆகிவிட்டது.

பிஎச் என்றால் ‘நிலைமை’ என்றுதான் நமக்குப் பழக்கம். வெப்பநிலை, உப்பளவு, பிஎச் என்று முறைகள் பகுதியில் ஒரே வரியில் எழுதிவிட்டு மறந்துவிடுகிற சமாசாரம். அதை மாறாமல் வைத்தபிறகுதான் உண்மையான பரிசோதனை தொடங்குவதாக எண்ணம். ஒரு சினாப்ஸ், நாம் மாறாமல் வைத்த அந்த ஒன்றையே மாற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அது நம் காதில் விழவே விழாது. 2008இல் டேவன்போர்ட், டெட்வைலர், டேசி மூவரும் குரங்கின் விழித்திரையில் இதைப் பார்த்தார்கள். தாங்கல் திறனைக் கூட்டியபோது கிடைமட்ட செல்லில் மட்டுமல்ல, பல படிகள் தாண்டி மூளைக்குக் கம்பி அனுப்பும் கேங்லியான் செல்லிலும் சுற்றுப்புற எதிர்ப்பு குன்றிப்போனது. குஃப்லர் 1953இல் பூனையில் பார்த்த அதே வகைச் சுற்றுப்புறம்தான். காபாவைத் தடுக்கும் மருந்துகளுக்கு அசையாத ஒன்று ஒரு தாங்கல் பொருளுக்குப் பணிந்துவிட்டது.

ஹெப்பெஸ் வேறு ஏதாவது செய்து தொலைத்திருக்கலாமே என்ற எதிர்க்கேள்வி நியாயமானதுதான், கமர்மன்ஸ் பக்கத்தவர்கள் அதைக் கேட்கவும் செய்தார்கள். அந்த வகைப் பொருள்கள் அரைச்சந்தி வாயில்களையே பாதிக்கலாம், செல்லின் உள்பக்கப் பிஎச்சையும் நகர்த்தலாம். இந்த இழுபறியை நேரடியாக அளந்து முடிக்கப் பார்த்தது கிரேமர் குழு. 2014இல் அவர்கள் வரிமீனின் கூம்புகளில், கால்சியம் வாயிலின் துணைப்புரதத்தோடு ஒரு ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்தார்கள், அமிலத்துக்கு ஏற்ப அதன் ஒளி மாறும். எங்கே அளக்க வேண்டுமோ அந்த வாசலிலேயே அளவுகோல் உட்கார்ந்துவிட்டது. கிடைமட்ட செல்லைக் கிளர்த்தினால் அங்கே அமிலம் ஏறியது, அடக்கினால் காரமானது. தடுப்பு எப்படிப் போகுமோ அதே திசை.

இருபத்துநான்கு

இதையெல்லாம் படித்து ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கணக்கு மட்டும் மனசில் ஒட்டவில்லை. பிஎச் 7.4 என்றால் ஒரு லிட்டரில் 40 நானோமோல் புரோட்டான். கால்சியத்தோடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு குறைவு. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்குள், அதாவது ஒரு பாக்டீரியா அளவு இடத்துக்குள், தனியாகத் திரியும் புரோட்டான்கள் மொத்தம் 24தான். சினாப்ஸின் இடுக்கு அதைவிட எவ்வளவோ சின்னது. அகலம் 20 நானோமீட்டர், நீளமும் உயரமும் 300 நானோமீட்டர் என்று ஒரு துண்டை எடுத்துக்கொண்டால், சராசரியாக 0.04 புரோட்டான் வருகிறது. நூறு முறை எட்டிப் பார்த்தால் நான்கு முறை ஒன்று இருக்கும், மற்ற நேரம் காலி. பிஎச் 7.1க்கு இறங்கினால் அது இரண்டு மடங்காகிறது. அப்போதும் நூறில் எட்டு ஒன்பது முறைதான். குளூட்டமேட்டை ஏற்றி வைத்திருக்கும் நுண்பைகளின் உள்ளே பிஎச் 5.6 பக்கம், நல்ல அமிலம்தான், ஆனால் அந்தப் பைகள் அத்தனை சிறியவை என்பதால் தனிப் புரோட்டான் ஒன்றைப் பார்க்கப் பல பைகளைக் கூட்ட வேண்டியிருக்கும். இல்லாத ஒன்று எப்படிச் செய்தி சொல்லும்?

விடை தாங்கலில்தான் இருக்கிறது. தனிப் புரோட்டான்கள் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. பைகார்பனேட், பாஸ்பேட், புரதங்களின் பக்கச் சங்கிலிகள், சவ்வின் கொழுப்புத் தலைகள் என்று அந்த இடுக்கில் புரோட்டானை வாங்கிக் கொடுக்கக்கூடிய இடங்கள் பல ஆயிரம். புரோட்டான் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, கைமாறிக்கொண்டே இருக்கிறது. நீரிலும் அது நீந்துவது கிடையாது, ஒரு நீர் மூலக்கூறு வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது, கிரோட்டஸ் 1806லேயே இப்படி ஒரு படத்தை வரைந்திருந்தார். ஆகவே பிஎச் என்பது இந்த இடங்களில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கின்றன என்பதன் குறியீடு. கால்சியம் வாயிலின் வெளிமுகமும் அப்படி நிரம்பிக் காலியாகும் இடங்களில் ஒன்று. இடுக்கில் தனிப் புரோட்டான் வரும் வரை அது காத்திருக்கவில்லை, பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றோடும் ஓயாமல் பண்டமாற்று செய்துகொண்டிருக்கிறது. ஹெப்பெஸ் ஏன் அவ்வளவு எளிதாக ஜெயித்தது என்பதும் இப்போது புரிகிறது. கூடுதலாக வாங்கிக் கொடுக்கும் கைகளை அது உள்ளே இறக்கிவிட்டது, கிடைமட்ட செல் எவ்வளவு தள்ளினாலும் நிரப்பு விழுக்காடு அசையவில்லை.

இப்படிப் பார்த்தால் ‘புரோட்டான் ஒரு நரம்புக் கடத்தி’ என்று சிலர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கடத்தி என்றால் ஒருவர் அனுப்பி மற்றவர் வாங்க வேண்டும், இங்கே அப்படி ஒரு சரக்குப் போக்குவரத்து இல்லை. இரு செல்களுக்கும் பொதுவான ஒரு சூழலை ஒருவர் சற்றே சாய்க்கிறார், மற்றவர் சாய்கிறார். 1921இல் லோவி தவளை இதயங்களை வைத்து வேதிக் கடத்தலை நிரூபித்ததிலிருந்து நாம் சினாப்ஸை வேதி, மின் என்று இரண்டு பெட்டிக்குள் போட்டுப் பழகிவிட்டோம். இது இரண்டிலும் அடங்க மறுக்கிறது.

அமிலம் எங்கிருந்து வருகிறது

கிடைமட்ட செல் புரோட்டானைத் தள்ளுகிறது என்று எழுதிவிட்டேன், அங்கேதான் சண்டை இன்னும் சூடாக இருக்கிறது. மால்காவ் குழு மீன்களிலிருந்து தனியாகப் பிரித்த கிடைமட்ட செல்களுக்கு வெளியே, புரோட்டானை மட்டும் உணரும் மின்முனையை வைத்து அளந்தது. குளூட்டமேட் கொடுத்தபோது வெளிப்பக்கம் அமிலமாகவில்லை, காரமானது! கோட்பாட்டுக்கு நேர் எதிர். தனியாகப் பிரித்த செல்லில் கூம்புக்குள் புதைந்திருக்கும் கிளை நுனி கிடையாது, மின்முனை உணர்வது செல்லின் பரந்த முதுகை, சினாப்ஸில் நடப்பது வேறாக இருக்கலாம் என்பது பதில். பதில் எனக்குத் திருப்திதான், ஆனால் அந்த அளவீட்டை ஒதுக்கித் தள்ள மனம் வரவில்லை. கிடைமட்ட செல் ஒரு எளிய அமிலப் பம்பு இல்லை என்பதையாவது அது உறுதியாகச் சொல்கிறது. கூம்பும் சும்மா இருப்பதில்லை. 2001இல் டிவ்ரீஸ் தரை அணில்களின் கூம்புகளில் காட்டியபடி, நுண்பை வெடித்துத் திறக்கும்போது குளூட்டமேட்டோடு வெளியே வரும் அமிலம் அதே கூம்பின் கால்சியம் வாயிலை ஒரு கணம் அடக்குகிறது. பேசி முடிப்பதற்குள் தன் வாயைத் தானே பொத்திக்கொள்வது.

அப்புறம் கமர்மன்ஸ் குழுவே 2014இல் ஒரு கட்டுரையோடு வந்தது, அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. அவர்களுடைய மின்வழித் தடுப்பு ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிகிறது, ஆனால் அதற்குப் பின்னால் மெதுவான இன்னொரு பகுதி இருக்கிறது. கிடைமட்ட செல்லின் பானெக்சின் என்ற புரத வாயில்கள் வழியாக, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கசிகிறது, இடுக்கில் இருக்கும் நொதி அதை உடைக்கிறது, உடையும்போது புரோட்டானும் பாஸ்பேட்டும் வருகின்றன. பாஸ்பேட் ஒரு தாங்கல் பொருள், அதன் பிடி பிஎச் 7.2 பக்கம். இந்தத் தாங்கல் இருக்கும்வரை இடுக்கு சற்று அமிலமாகவே நிற்கும். செல் அடங்கினால் கசிவு நிற்கும், இடுக்கு காரமாகும், கூம்பின் வாயில்கள் தளரும். அதாவது தாங்கல் பொருளையே செல் தயாரித்து அதைக் கொண்டே பேசுகிறது. எந்தப் பொருளைக் கொட்டி நாம் இந்தப் பேச்சை அடக்கினோமோ அதே வகைப் பொருள்.

காபாவும் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. 2019இல் பாலூட்டிகளில் செய்த ஒரு ஆய்வின்படி, கிடைமட்ட செல் விடும் காபா கூம்பைத் தொடுவதில்லை, கிடைமட்ட செல்லின் சொந்த ஏற்பிகளையே திறக்கிறது. அந்த வாயில்கள் குளோரைடை மட்டுமல்ல, பைகார்பனேட்டையும் விடும். பைகார்பனேட் உள்ளே வெளியே போகும்போது இடுக்கின் பிஎச் மாறுகிறது. என் பார்வையில் மூன்று கட்சிகளும் வெவ்வேறு சாலையில் நடந்து ஒரே வாசலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள், மின்வழிக்காரர்களின் வேகமான பகுதியை மட்டும் தனியாக வைத்துவிட வேண்டும். மற்றவை எல்லாம் கடைசிப் படியில் கூம்பின் கால்சியம் வாயில்முகத்தில் எவ்வளவு அமிலம் என்பதில் முடிகின்றன. அமிலம் வரும் வழி விலங்குக்கு விலங்கு மாறினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்த வழியை இயற்கை ஏன் எடுத்தது என்பதற்கு எனக்குப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. கூம்பை வழக்கமான முறையில் தடுத்தால், அதாவது மின்னழுத்தத்தைக் கீழே இழுத்தால், அது வெளிச்சம் பட்டதுபோலவே ஆகிவிடும். கூம்பின் மொழியில் ‘தடுப்பு’, ‘ஒளி’ இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு. ஒளியின் செய்தியைக் கலைக்காமல் வெளியீட்டை மட்டும் திருத்த வேண்டுமானால் கால்சியம் வாயிலின் இடத்தில்தான் கைவைக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு சினாப்ஸ் குழியிலும் தனித்தனியாக.

இனி எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது இரவு. விழித்திரை உடலிலேயே ஆற்றலை மிக அதிகமாகத் தின்னும் திசுக்களில் ஒன்று. ஆக்சிஜன் இருக்கும்போதும் அது லாக்டிக் அமிலத்தைக் கொட்டுவதை வார்பர்க் 1920களிலேயே பார்த்தார். இருட்டில் ஒளி ஏற்கும் செல்களின் செலவு இன்னும் ஏறும், அமிலமும் ஏறும். 2001இல் டிமிட்ரியேவும் மாங்கலும் முயலின் விழித்திரையில், வெளிச்ச மாற்றம் எதுவும் இல்லாமலேயே, உள்கடிகாரத்தின்படி இரவில் பிஎச் இறங்குவதை அளந்தார்கள். ஆக, செய்தி எழுதப்படும் தாளே இரவில் நிறம் மாறுகிறது. பூனையில் இருட்டுக்குப் பழகிய பிறகு கேங்லியான் செல்லின் சுற்றுப்புறம் மறைந்துபோவதைப் பார்லோ, ஃபிட்ஸ்ஹியூ, குஃப்லர் மூவரும் 1957இலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு, மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களின் தனிப் பாதையும் இன்னும் பலவும் காரணம் சொல்லப்படுகின்றன, அவற்றை மறுக்கவில்லை. இருந்தாலும் இரவில் ஏறும் இந்த அமிலத்துக்கும் அதில் ஒரு கை இருக்கும் என்ற சந்தேகம் எனக்கு. ஆய்வகத்தில் பகலோ இரவோ கரைசல் 7.4இல்தான் நிற்கும். ஒரே விலங்கின் விழித்திரையை வெறும் பைகார்பனேட்டில், அதன் இரவுக்கு உரிய பிஎச்சில் ஒருமுறை, பகலுக்கு உரியதில் ஒருமுறை வைத்து, கூம்பின் கால்சியம் வளைகோடு எங்கே நிற்கிறது, சுற்றுப்புறம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று யாராவது பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால் அதைத்தான் முதலில் படிப்பேன்.